முப்பதை நெருங்கும்போது நர்சிங் படிக்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்). கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஐந்து வருடமாக நிரந்தர வேலை. பிடித்தம் போக 31,000 ரூபாய் கைக்கு வருகிறது. போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கோவையில் 22 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கே நர்ஸ்களைப் பார்த்ததிலிருந்து என் வேலையில் மனம் ஒட்டவில்லை. பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, 2014ல் முடித்தேன். அப்புறம் பி.காம். வேலையை விட்டுவிட்டு நர்சிங் சேரலாமா? படித்தால் மலையிலேயே வேலை கிடைக்குமா? அம்மா "கையில இருக்கிற சோத்தைத் தட்டி விடாதே" என்கிறார். தம்பி கல்லூரியில் இருக்கிறான், இன்னும் ஒரு வருடம் பாக்கி. நகைக்கடன் ஒன்றே முக்கால் லட்சம். அப்பாவுக்கு இடது கால் இன்னும் வரவில்லை. குதிகால் சிவந்து புண் மாதிரி ஆகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில்: உங்கள் அம்மாவின் பக்கம் நின்று ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை வரும் என்று ஒவ்வொரு மாதமும் காத்திருந்து பார்த்த தலைமுறை அவர்களுடையது. மாதம் பிறந்தால் சம்பளம், அதுவும் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், அதுவும் நிரந்தரம் என்றால் அது அவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. அந்தச் சோறு எவ்வளவு என்று ஒரு முறை கணக்குப் போடுங்கள். கணக்குதான் உங்கள் தொழில் ஆயிற்றே. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். 48 மாதம், 31,000 வீதம் 14,88,000 ரூபாய். ஊதிய உயர்வைச் சேர்க்காமலே ஏறக்குறைய 15 லட்சம். எல்லோரும் கல்லூரிக் கட்டணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். உங்கள் வயதில் படிக்கப் போகிறவர்களுக்குப் பெரிய செலவு கட்டணம் இல்லை, வராமல் போகிற இந்தச் சம்பளம்தான்.

சரி, பணம் அப்புறம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. "அங்கே நர்ஸ்களைப் பார்த்ததிலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். 33 வருடம் அரசு மருத்துவமனை வார்டுகளிலும், ஆறு வருடம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் கழித்தவள் நான். நேர்காணலில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். பாட்டியைப் பார்த்துக்கொண்டேன், அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், அதனால் நர்ஸ் ஆக வேண்டும். பொய் இல்லை, மனதார சொல்வதுதான். ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொள்வதும் நர்ஸ் வேலையும் ஒன்றில்லை. அப்பாவின் மூத்திரப் பையை மாற்றும்போது அருவருப்பு வராது, அவர் அப்பா. பெயரே தெரியாத ஒருவருக்கு, அதுவும் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, அதே கையோடு அதே பதமாகச் செய்ய வேண்டும் என்கிறபோதுதான் தொழில் ஆரம்பிக்கிறது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஆண்கள் மெடிக்கல் வார்டு, டிசம்பர் மாதம், ஜன்னல் இடுக்கில் துணி சொருகியும் குளிர் உள்ளே வருகிறது. நாற்பது சொச்சம் நோயாளிகளுக்கு நானும் ஒரு ஆயாவும். மூன்றாம் கட்டிலில் ஒருவர், காலில் அடிபட்டு வந்தவர். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, ஆஸ்பத்திரிக்கு வந்ததால் குடி நின்று மூன்றாம் நாள். கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிகிறார். திரும்ப வென்ஃப்ளான், அதாவது ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசி போடக் குனிந்தபோது முகத்தில் துப்பினார். என் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தையும் சொன்னார். நான் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து அதே கையில் ஊசி போட்டேன், விடியும் வரை மூன்று முறை அவருக்குப் படுக்கை மாற்றினேன். காலையில் தெளிந்ததும் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. "சிஸ்டர், டீ கிடைக்குமா?" என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கும் ஒரு டீ வேண்டியிருந்தது.

இந்த ராத்திரி உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் கோவையில் பார்த்த 22 நாள் உங்களுக்குச் சொல்லியிருக்காது. நீங்கள் ஒரு கட்டிலைப் பார்த்தீர்கள். நர்ஸ் நாற்பது கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, பொறுப்பு. உங்கள் ஆபீசில் மாலையில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து தேடுவீர்கள். இல்லையென்றால் மறுநாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு மாதியம்மாக்கள். நம் மலையில் பெயர்கள் எப்படித் திரும்பத் திரும்ப வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போட வேண்டும். இன்னொருவர் மூச்சிரைப்புக்கு வந்தவர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் ஊசியோடு போய் "மாதியம்மாதானே?" என்றேன். "ஆமா கண்ணு" என்று கையை நீட்டிவிட்டார், மூச்சிரைப்பு மாதியம்மா. பஞ்சை வைத்துத் துடைத்தும் விட்டேன். பின்னால் நின்ற ஆயா "அவங்க இல்ல சிஸ்டர்" என்றார். அன்றிலிருந்து "நீங்கள் இன்னார்தானே?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. "உங்க பேர் என்ன, எந்த ஊர்?" என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். மாணவிகளுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். ஆனால் உங்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. எண்களோடு பழகிய கை. உள்ளே போனது எத்தனை மில்லி, வெளியே வந்தது எத்தனை மில்லி என்று எழுதுகிற சார்ட்டைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அசட்டையாக எழுதும். நீங்கள் அப்படி எழுத மாட்டீர்கள்.

வயதுக்கு வருகிறேன். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி 17 முதல் 35 வயது வரை என்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம், ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். 1200க்கு எழுதிய காலத்து மார்க் ஷீட்தான் உங்களுடையது, அதை எடுத்து இந்தச் சதவீதத்தை முதலில் பாருங்கள். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு வருடமும் விளக்கக் கையேடு வெளியிடும். வயது விதி, சலுகை எல்லாம் அதில் இருக்கும். போன வருடக் கையேட்டை வைத்தோ பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதை வைத்தோ ராஜினாமா எழுதாதீர்கள். தனியார் கல்லூரி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா, தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். ஏஜென்ட் காட்டுகிற காகிதம் போதாது. அசல் சான்றிதழைக் கொடுத்தால்தான் வேலை, கொடுத்தால்தான் இடம் என்று யார் பிடித்து வைத்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மூன்று வருட டிப்ளமோவும் இருக்கிறது. ஒரு வருடம் மிச்சம் என்று உங்களுக்கு ஆசை வரும். அப்புறம் பட்டம் வேண்டும் என்றால் போஸ்ட் பேசிக் இரண்டு வருடம் படிக்க வேண்டும், ஆக ஐந்தாகிவிடும். நீங்கள் பி.எஸ்சி.க்கே போங்கள்.

படிப்பு எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். முதல் செமஸ்டரிலேயே அனாட்டமி, பிசியாலஜி, எல்லாம் ஆங்கிலத்தில். உயிரியல் புத்தகத்தை மூடிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது உங்களுக்கு. வருகைப் பதிவு வகுப்புக்கு 80 சதவீதம் இருந்தால் போதும், வார்டுப் பயிற்சிக்கு 100 சதவீதம். ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாளைத் திரும்பச் செய்து கொடுத்தால்தான் பட்டம். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே விடுமுறை விடுவார்கள், வார்டுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. கூடப் படிக்கிற பிள்ளைகள் "அக்கா" என்பார்கள், முதல் மாதம் கூச்சமாக இருக்கும், பிறகு உங்கள் நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள். என்னிடம் படித்தவர்களில் உங்களைப் போல வேலையை விட்டு வந்தவர்கள் இரண்டு பேர். பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் இரண்டாம் வருடம் நின்றுவிட்டார். படிப்பு வராமல் இல்லை, வகுப்பில் முதல் மாணவி. ஹவுஸ் சர்ஜன் பையன் ஒருவன் வார்டில் எல்லோர் முன்னாலும் கத்தியதை அவரால் தாங்க முடியவில்லை. பத்து வருடம் "டீச்சர்" என்று கூப்பிடப்பட்டவர் அல்லவா. இன்னொருவர் தையல்கடை வைத்திருந்தவர், 31 வயதில் வந்தார். அனாட்டமியில் தோற்று இரண்டாம் முறை எழுதினார். இன்று அவர் பிரசவ வார்டில் இருக்கிறார். தையல் போடும் டாக்டர் அவர் நூலை எடுத்துக் கொடுக்கும் வேகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

இப்போது வேலை, சம்பளம். இதில் உங்களுக்குச் சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்று பொதுத்தேர்வு உண்டு, நல்ல சம்பளம். வயது வரம்பு 30, ஓ.பி.சி. தளர்வு மூன்று வருடம். நீங்கள் படித்து முடித்துப் பதிவு செய்து வரும்போது அது கைநழுவிப் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு வேலை எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு வழியாக. அங்கே வயது அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் எடுத்தவுடன் நிரந்தரம் கிடையாது. 2015ல் தேர்வானவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அது 14,000 ஆனது. காலியிடம் வர வர, வரிசைப்படிதான் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரத்துக்கு எடுப்பார்கள். தனியாரில், 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் சொல்லி அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. நம் மலையில் சின்ன ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு உங்கள் இன்றைய சம்பளத்தில் பாதி கிடைத்தால் அதிகம். அதனால் உங்கள் கணக்கில் நான்கு வருடம் என்று எழுதாதீர்கள், ஆறு வருடம் என்று எழுதுங்கள். 31,000 ரூபாயை நீங்கள் திரும்பப் பார்க்க 35 வயதாகலாம்.

வெளிநாடு என்பார்கள். ஜெர்மனிக்குப் பி2 அளவு ஜெர்மன் மொழி வேண்டும், அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் அனுப்புகிறது. ஆனால் நீங்கள் மலையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடித்தது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு திறந்தது. நான் வேலைக்கு வந்த காலத்தில் தலையில் அடி, எடை குறைந்த குழந்தை, எதுவானாலும் கீழே கோவைக்குத்தான். ஒரு முறை ஒன்றரைக் கிலோகூட இல்லாத குழந்தையோடு குன்னூரிலிருந்து இறங்கினேன். குழந்தை அம்மாவின் நெஞ்சோடு ஒட்டிச் சேலைக்குள்ளே, என் கையில் அம்பு பேக் (அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பலூன்), வெளியே பனிமூட்டம், டிரைவருக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. பதினாலு கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஒரு கையால் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்பு பேக்கை அமுக்கினேன். குழந்தை பிழைத்தது. மலையில் நர்ஸ் என்றால் டாக்டர் வரும் வரைக்கும், வண்டி கீழே போய்ச் சேரும் வரைக்கும் தானே சமாளிக்க வேண்டியவள் என்று அர்த்தம். பெரிய ஆஸ்பத்திரி வந்ததால் அந்தப் பயணங்கள் குறையும், ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு ஊட்டியே தூரம்தான்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு விஷயம். அரிவாள் செல் ரத்தசோகை (ரத்த அணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952ல். வலி வந்தால் எலும்புக்குள் வரும், துடிப்பார்கள். "நடிக்கிறான்" என்று சொல்லும் நர்ஸையும் நான் பார்த்திருக்கிறேன், அவன் பேசும் மொழி தெரியாததால் வந்த வினை அது. கூடலூரில் 1990 முதல் நடக்கிற ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களையே நர்ஸாகப் பழக்கினார்கள், காரணம் இதுதான். நோயாளியின் மொழி தெரிந்திருக்கிற அந்தக் கொடுப்பினை உங்களுக்கும் உண்டு. பக்கவாதம் வந்த முதியவர்களுக்குப் பின்னால் கற்ற தமிழ் போய்விட்டுப் படுகர் மொழி மட்டும் நாக்கில் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தண்ணீர் கேட்கிறாரா, மூத்திரம் வருகிறது என்கிறாரா என்று தெரியாமல் கீழ்நாட்டிலிருந்து வந்த சிஸ்டர்கள் திகைப்பார்கள். நீங்கள் திகைக்க மாட்டீர்கள்.

ஆக, என் அபிப்பிராயம்: போகலாம், இந்த வருடம் வேண்டாம். அடுத்த வருடம் தம்பி படிப்பை முடிக்கிறான், அவன் கையில் முதல் சம்பளம் வரட்டும். இந்த 12 மாதத்தில் நகைக்கடனை அடையுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாகப் போட்டு வையுங்கள். ஆபீசில் உயர்கல்விக்குச் சம்பளமில்லா விடுப்பு விதி இருக்கிறதா என்று பணி விதியைப் புரட்டிப் பாருங்கள், சில சங்கங்களில் கொஞ்ச காலத்துக்காவது தருவார்கள். யாரிடமும் இப்போதே சொல்ல வேண்டாம். பகல் முழுவதும் அப்பாவை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்பதற்கும் பதில் வேண்டும். நர்சிங் படிக்கப் போய் வீட்டு நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்த கதையும் எனக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமாக, இந்த வருடத்துக்குள் அப்பா இல்லாத ஒரு வார்டில் சில ராத்திரிகள் இருந்து பாருங்கள். உங்கள் ஹட்டியில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் துணைக்கு நானிருக்கிறேன் என்று போங்கள், முடிந்தால் உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்கு. நம் மலையில் வீடு தேடிப் போய் முதியவர்களைப் பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸ்கள் இருக்கிறார்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சனிக்கிழமைகளில் கூடப் போக முடியுமா என்று பாருங்கள். பத்து நாள் அப்படிப் போன பிறகு வீட்டுக்கு வந்து குளிக்கும்போது "இன்னிக்கு அந்தப் பாட்டிக்குப் புண் கொஞ்சம் காய்ஞ்சிருக்கு" என்று மனதில் ஓடினால் விண்ணப்பம் வாங்குங்கள். "எப்படா முடியும்" என்று ஓடினால், அதிலும் தப்பில்லை. உங்களுக்கு வேண்டியது அப்பா தேறுவதுதான், வேறு வேலை இல்லை என்று அர்த்தம். கணக்கு தெரிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவில் இடம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லூரியில் சேர்வதானால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முன்கூட்டியே ஆரம்பியுங்கள். மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

அப்பாவின் குதிகாலைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அது காத்திருக்காது. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம், கடையில் விற்கிற காற்று வளையமும் வேண்டாம். ஒரு தலையணையை நீளவாக்கில் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள், குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். உங்கள் கையை அடியில் விட்டுப் பாருங்கள், தடங்கலில்லாமல் போய்வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி, மாற்றிய நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விரலால் அமுக்கி எடுத்தால் அந்தச் சிவப்பு வெளுத்துத் திரும்புகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வெளுக்காமல் அப்படியே நின்றாலோ தோல் உரிந்திருந்தாலோ நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.